ஜிம் வாசல் வரை போய்த் திரும்பி வருகிறேன்

கேள்வி: மாஸ்டர், வணக்கம். எனக்கு 37 வயது. கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். ஐந்து வருடங்களாக, வாரம் ஆறு நாள் எடைப் பயிற்சி. பெஞ்ச் பிரஸ்ஸில் (பெஞ்சில் மல்லாந்து படுத்து எடை தூக்குவது) 100 கிலோ தூக்க வேண்டும் என்பது கனவு. ஆனால் 14 மாதங்களாக 95 கிலோவிலேயே நிற்கிறேன். கடந்த மூன்று மாதங்களாக ஜிம் என்றாலே வெறுப்பாக இருக்கிறது. பல நாட்கள் வாசலில் பைக்கை நிறுத்தி, பத்து நிமிடம் கைபேசியைப் பார்த்துவிட்டு அப்படியே வீடு திரும்பிவிடுகிறேன். வலது தோளில் லேசான வலியும் இருக்கிறது. ப்ரீ-ஒர்க்அவுட் பவுடர் (பயிற்சிக்கு முன் குடிக்கும் காஃபீன் கலந்த பவுடர்) இரண்டு ஸ்கூப் குடித்தால்தான் உள்ளே போக முடிகிறது. கூடப் பயிற்சி செய்யும் ஒருவர், ‘ஒரு சைக்கிள் (சில வாரத் தொடர்) ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார், எல்லாம் சரியாகிவிடும்’ என்கிறார். இது சோம்பலா? வயதாகிவிட்டதா? கொஞ்ச நாள் நிறுத்தினால் சேர்த்த உடம்பெல்லாம் போய்விடுமா? என் வார அட்டவணையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பி.கு.: எட்டு மாதங்களுக்கு முன் இரண்டாவது குழந்தை பிறந்தது. இரவில் ஐந்து மணி நேரம் தூங்கினால் அதிகம். ஜிம்முக்குக் கிளம்பும்போது மனைவி எதுவும் சொல்வதில்லை. எனக்குத்தான் ஒரு மாதிரியாக இருக்கிறது.

— பெயர் வேண்டாம், கோவை

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மேலிருந்து கீழே, இரண்டாம் முறை பின்குறிப்பிலிருந்து மேலே. இரண்டாவது முறைதான் புரிந்தது. எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும். கிலோக் கணக்கும் செட் கணக்கும் முன்னால் விரிவாக வரும், உண்மையான செய்தி பி.கு. என்று ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்.

முதலில் சோம்பல் பற்றி. சோம்பேறி பைக்கை எடுக்க மாட்டார். வேலை முடிந்து, கோவையின் மாலை நேர நெரிசலில் வண்டி ஓட்டி, வாசல் வரை வந்து நிற்பவருக்கு வேறு ஏதோ கோளாறு. பழக்கம் உங்களை வாசல் வரை கொண்டுவந்துவிடுகிறது. உள்ளே உங்களுக்காகக் காத்திருப்பது என்ன என்று உடம்புக்குத் தெரியும், அது மறுக்கிறது. அது மறுப்பதில் நியாயம் இருக்கிறது என்பது என் கட்சி.

அட்டவணையை ஒரு தாளில் கூட்டிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 21 செட் (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று ஒரு செட்), ஆறு நாளைக்கு 126 செட். அதில் மார்புக்கு மட்டும் 34. காலுக்கு ஒன்பது, அதுவும் சனிக்கிழமை. (போகாமல் விடுகிற நாள் பெரும்பாலும் சனிக்கிழமைதான் என்று நீங்கள் எழுதவில்லை. நானாக ஊகித்தேன், தவறாக இருந்தால் மன்னிக்கவும்.) உள்ளே ஒன்றரை மணி நேரம், போக வர அரை மணி நேரம் என்று வைத்தால் வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம். ஐந்து வருடங்களுக்கு முன் இந்தப் பன்னிரண்டு மணி நேரம் உங்களிடம் உபரியாக இருந்தது. இன்று அதை யாரிடமிருந்தோ எடுத்துக்கொண்டு போகிறீர்கள். பாதி உங்கள் தூக்கத்திலிருந்து வருகிறது, மீதி உங்கள் மனைவியின் தூக்கத்திலிருந்து வருகிறது. அவர் எதுவும் சொல்வதில்லை என்கிறீர்கள். அந்த மௌனத்தை நீங்கள் சரியாகவே படித்திருக்கிறீர்கள், அதனால்தான் ஒரு மாதிரியாக இருக்கிறது.

இனி அந்த 95 கிலோ. ஆர்வம் போய்விட்டதால்தான் எடை ஏறவில்லை என்று நினைக்கத் தோன்றும். உங்கள் தேதிகளே அதை மறுக்கின்றன. எடை நின்றது 14 மாதங்களுக்கு முன், வெறுப்பு தொடங்கியது மூன்று மாதங்களுக்கு முன். பதினோரு மாதம் நீங்கள் ஒழுங்காகப் போய், முழு முயற்சியும் போட்டு, ஒன்றும் வாங்காமல் திரும்பியிருக்கிறீர்கள். சம்பளம் தராத முதலாளியிடம் பதினோரு மாதம் வேலை பார்த்தவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

முதல் வருடம் எடை ஏன் அவ்வளவு வேகமாக ஏறியது என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் இந்த ஏமாற்றம் பாதியாகக் குறைந்திருக்கும். தொடக்க மாதங்களில் கூடுகிற வலிமையின் பெரும்பகுதி தசை வளர்ந்து வருவதில்லை. இருக்கும் தசையை முழுமையாகப் பயன்படுத்த நரம்பு மண்டலம் கற்றுக்கொள்கிறது. சைக்கிள் ஓட்டப் பழகுவது போல அது சட்டென்று வரும். பிறகு தசை நிஜமாகவே வளர்ந்தாக வேண்டும், அது மெதுவான வேலை. முதல் வருடம் 30 கிலோ கூட்டியவர் ஐந்தாவது வருடம் இரண்டு, மூன்று கிலோ கூட்டினால் நல்ல வருடம். ஆனால் ஜிம் சுவரில் ஒட்டியிருக்கும் படங்களும் கைபேசியில் ஓடும் வீடியோக்களும் முதல் வருட வேகத்தையே எல்லா வருடத்துக்கும் வாக்களிக்கின்றன.

இதோடு ஒரு சின்ன இயந்திரக் கோளாறும் இருக்கிறது. பம்ப் தரக் கட்டுப்பாட்டில் இருக்கும் உங்களுக்கு இது உடனே பிடிபடும். பல ஜிம்களில் கிடைக்கும் மிகச் சிறிய பிளேட் (ராடு என்ற இரும்புத் தண்டில் மாட்டும் வட்டு) 2.5 கிலோ. இரு பக்கமும் போட்டால் ஐந்து கிலோ. ஆகவே 95-க்கு அடுத்த படி 100-தான், நடுவில் படியே கிடையாது. ஐந்து சதவீதத்துக்கு மேல் ஒரே தாவலில் கூட்டச் சொன்னால், ஐந்தாவது வருடப் பயிற்சியாளர் நொண்டத்தான் செய்வார். 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு உதவும், இப்போது வேண்டாம்.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பீர்கள். உங்கள் ராடின் எடை என்ன? 20 கிலோ என்று கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். பளுதூக்கும் போட்டிகளில் ஆண்களுக்கான ராடு 20 கிலோ, பெண்களுக்கானது 15 கிலோ. உள்ளூர்ப் பட்டறையில் கடைந்த ராடுக்கு அப்படி ஒரு விதி கிடையாது. என் பழைய பயிற்சிக்கூடத்தில் மூன்று ராடுகள் இருந்தன. ஒருநாள் பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏற்றிப் பார்த்தோம். மூன்றும் மூன்று எடை, ஒன்றுகூட 20 இல்லை. ‘நான் 120 தூக்கினேன்’ என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அவர் அன்றைக்கும் அதற்கு முந்தைய நாளும் தூக்கியது அதே இரும்பைத்தான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ உடல் எடைப் பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018-இல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் மறுபடியும் அதே பிரிவில் தங்கம். அந்த முறை அவர் தூக்கியது 317. நான்கு வருடம் கழித்து 11 கிலோ குறைவு. இடையில் தொடையில் காயம் ஏற்பட்டிருந்தது, முழு உடல்தகுதி இல்லாமல்தான் மேடை ஏறினார். உலகத் தரத்தில் வாழ்நாளையே இதற்குக் கொடுத்தவருக்கு எண் மேலும் கீழும் போகிறது. பகல் முழுக்க ஆலையில் நின்று, இரவெல்லாம் குழந்தையைத் தோளில் போட்டு நடக்கும் உங்களுக்கு அது ஒரே இடத்தில் நிற்பதே பெரிய காரியம்.

நம் தென் மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். தலைமுறை தலைமுறையாக அதே கல். அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டவனிடம் அடுத்த பொங்கலுக்கு இரண்டரைக் கிலோ கூட்டித் தூக்கு என்று யாரும் கேட்டதில்லை.

அடுத்தது தூக்கம். எடை தூக்கும்போது தசை வளர்வதில்லை, அங்கே தேய்மானம்தான் நடக்கிறது. சரிசெய்யும் வேலை பெரும்பாலும் தூக்கத்தில் நடக்கிறது. ஐந்து மணி நேரத் தூக்கத்தில் 126 செட்டின் தேய்மானத்தை அடைக்க முடியாது. பாக்கி அடுத்த நாளைக்குப் போகிறது, அதற்கடுத்த நாளைக்குப் போகிறது, எட்டு மாதம் சேர்ந்தால் அது தோள் வலியாகவும் வெறுப்பாகவும் வட்டியோடு வருகிறது. குழந்தை எழுந்திருப்பதை உங்களால் மாற்ற முடியாது. ஆனால் அந்தப் பவுடரை மாற்றலாம். ஒரு ஸ்கூப்பில் 150 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருப்பது சாதாரணம். டப்பாவின் பின்புறம் எழுதியிருக்கும், இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். உடலில் போன காஃபீனில் பாதி வெளியேறவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். மாலை ஏழு மணிக்குக் குடித்தால் நள்ளிரவில் அதில் ஏறக்குறைய ஒரு ஸ்கூப் இன்னும் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். குழந்தை தூங்கிய அருமையான இரண்டு மணி நேரத்தில் நீங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரேயடியாக நிறுத்தினால் சிலருக்கு இரண்டு மூன்று நாள் தலை வலிக்கும். முதல் வாரம் ஒரு ஸ்கூப், அடுத்த வாரம் அரை, பிறகு இல்லை. காலை காபியில் நான் கை வைக்க மாட்டேன்.

ஊசி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. வெளியிலிருந்து ஆண் ஹார்மோனைச் செலுத்தினால் உடல் தன் சொந்த உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். விந்தணு குறையும், கெட்ட கொழுப்பு கூடும், இரத்த அழுத்தம் ஏறும், இதயம் பாதிக்கப்படும். நிறுத்தியபின் சொந்த உற்பத்தி திரும்பச் சில மாதங்கள் ஆகலாம், சிலருக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. அந்த இடைவெளியில் வரும் சோர்வோடு ஒப்பிட்டால் உங்கள் இப்போதைய சோர்வு ஒன்றுமே இல்லை. ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொன்ன அந்த நண்பர் டாக்டர் இல்லை, உங்கள் வீட்டு ஆளும் இல்லை. அவரிடம் பேச வேறு விஷயம் இல்லையென்றால் பெஞ்சை மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது அட்டவணைக்கு வருவோம்.

முதல் பத்து நாள் ஜிம்முக்குப் போகாதீர்கள். ஒரு சனிக்கிழமை தொடங்கி மறுவாரத் திங்கள் வரை. வாசல் வரைக்கும் வேண்டாம். திரும்பிப் போகும் செவ்வாய்க்கிழமையைக் காலண்டரில் வட்டமிட்டுவிடுங்கள், அது முக்கியம். தேதி குறிக்காத ஓய்வு ஆறு மாதமாகிவிடும். இந்தப் பத்து நாளில் சேர்த்ததெல்லாம் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாது. இரண்டு மூன்று வாரம் முழுதாக நிறுத்தினாலும் வலிமை பெரிதாகக் குறைவதில்லை. முதலில் குறைவது மூச்சுத் தெம்பு, அதற்கு நடந்தால் போதும். கண்ணாடியில் மட்டும் கை கொஞ்சம் சுருங்கியது போலத் தெரியும். தசைக்குள் சேமித்து வைக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தும், அதோடு ஒட்டியிருக்கும் தண்ணீரும் குறைவதால் வரும் தோற்றம் அது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் இருக்கும். திரும்பப் பயிற்சி செய்து, சோறு சாப்பிட்டால் நிரம்பிவிடும். ஒருவேளை மூன்று மாதமே விட்டாலும், விட்டுப் பிடித்தவர் புதிதாகத் தொடங்குபவரைவிட வேகமாகப் பழைய நிலைக்கு வருவார். இதை என் பயிற்சிக்கூடத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அந்த நாட்களில் தினமும் அரை மணி நேரம் நடங்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தாலும் கணக்குதான். ஞாயிற்றுக்கிழமை மூத்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மருதமலைப் படியேறுங்கள். பாதி வழியில் ‘அப்பா, தூக்கு’ என்பான் அல்லது என்பாள். நீங்கள் தவறவிட்ட கால் பயிற்சிகளுக்கெல்லாம் வட்டி கட்டியது போல இருக்கும்.

பதினோராவது நாள் முதல் எட்டு வாரத்துக்கு வாரம் இரண்டே நாள். ஒரு நாளைக்கு 45 நிமிடம். எந்த இரண்டு மாலை என்பதை மனைவியிடம் கேளுங்கள், நீங்களே தீர்மானித்துவிட்டு அறிவிக்காதீர்கள். அவருக்கும் வாரத்தில் இரண்டு மாலை வேண்டும். அந்த நேரத்தில் அவர் நடக்கப் போகலாம், தூங்கலாம், சும்மா மாடியில் போய் உட்காரலாம். குழந்தை உங்கள் பொறுப்பு. இதை ஒரு பயிற்சியாளர் ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். பத்தொன்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். வீட்டில் கடன் வைத்துவிட்டு வருபவர் ஒருவர்கூட நிம்மதியாகப் பயிற்சி செய்து நான் பார்த்ததில்லை. செட்டுக்கும் செட்டுக்கும் நடுவில் கைபேசியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

செவ்வாய், சனி என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன், உங்கள் வீட்டு வசதிப்படி மாற்றிக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை முதலில் ஸ்குவாட் (ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), ஆறு ஆறு முறையாக மூன்று செட். ஆம், கால்தான் முதலில். அடுத்து டம்பெல் பிரஸ், உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி, எட்டு முதல் பத்து முறை, மூன்று செட். இந்தப் பிடியில் தோளுக்குச் சிரமம் குறைவு. பிறகு கேபிள் ரோ (கேபிளை வயிற்றை நோக்கி இழுப்பது) மூன்று செட், பத்து முதல் பன்னிரண்டு முறை. கடைசியாக இரு கைகளிலும் கனமான டம்பெல்லைத் தொங்கவிட்டுக்கொண்டு முப்பது மீட்டர் நடை, மூன்று முறை. கல்யாண வீட்டுக்குத் தண்ணீர்க் குடம் சுமப்பது போலத்தான், ஆனால் இடுப்பு, முதுகு, பிடி மூன்றுக்கும் இதைவிட நேர்மையான பயிற்சி எனக்குத் தெரியாது. சனிக்கிழமை டெட்லிஃப்ட் (தரையிலிருந்து ராடைத் தூக்கி நிமிர்வது) ஐந்து முறை வீதம் மூன்று செட், புல்டவுன் (மேலே இருக்கும் கம்பியை மார்புக்கு இழுப்பது) மூன்று செட், நம் பழைய தண்டால் மூன்று செட், டம்பெல்லுடன் லஞ்சஸ் (ஒரு காலை முன்வைத்து முழங்காலை மடக்கி இறங்குவது) மூன்று செட். முடிந்தது. வாரத்துக்கு 24 செட்.

126 எங்கே, 24 எங்கே என்று மனம் பதறும். கட்டிய உடம்பைக் காப்பாற்றுவதற்கு, அதைக் கட்டும்போது செய்ததில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ செய்தால் போதும். ஒரே நிபந்தனை, தூக்கும் எடை ரொம்ப லேசாகிவிடக் கூடாது. செட்டைக் குறைக்கலாம், நாளைக் குறைக்கலாம், கனத்தை மட்டும் ஓரளவு வைத்துக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் தசைப் பயிற்சிக்கு வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் என்றுதான் சொல்கிறது, ஆறு நாள் என்று எங்கும் இல்லை. என்னிடம் ஐம்பது வயது தாண்டிய பள்ளி ஆசிரியை ஒருவர் வருகிறார். பதினோரு வருடங்களாகச் செவ்வாயும் வெள்ளியும் மட்டும். அவர் சேர்ந்த வருடம் ஆறு நாள் வந்துகொண்டிருந்த பையன்களில் ஒருவர்கூட இன்று வருவதில்லை.

எவ்வளவு எடையில் தொடங்குவது? முன்பு இதே எண்ணிக்கைக்குத் தூக்கியதில் ஐந்தில் நான்கு பங்கு. ஒவ்வொரு செட்டையும், இன்னும் இரண்டு முறை தூக்க முடியும் என்ற நிலையிலேயே நிறுத்துங்கள். எல்லா செட்டிலும் மேல் எண்ணிக்கையைத் தொட்ட பிறகுதான் எடையைக் கூட்டுவது. கை நடுங்க, முகம் சிவக்க, பக்கத்தில் ஒருவர் ‘இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று’ என்று கத்த, கடைசியாக ஒன்று தூக்கும் வேலை இந்த எட்டு வாரம் கிடையாது.

நீங்கள் கவனித்திருப்பீர்கள், இதில் ராடு பெஞ்ச் பிரஸ் இல்லை. மறக்கவில்லை. எட்டு வாரம் அந்தப் பெஞ்சில் படுக்காதீர்கள். இந்தப் பதிலிலேயே உங்களுக்கு மிகக் கசப்பான பகுதி இதுதான் என்று தெரியும். இரு பக்கமும் இரண்டிரண்டு 20 கிலோ பிளேட் மாட்டிய ராடைப் பார்ப்பதில் ஒரு அழகு இருக்கிறது, எனக்கும் அந்த மயக்கம் இருந்தது. எனக்கு அது ஸ்குவாட்டில் வந்தது. 140 கிலோவில் இரண்டு வருடம் முட்டிக்கொண்டு நின்றேன். ஜிம்முக்கு எதிரே டீக்கடை. அங்கே உட்கார்ந்து ஒரு டீ, இன்னொரு டீ, பிறகு வீடு. கடைக்காரர்தான் கேட்டார், ‘மாஸ்டர், நீங்களே உள்ளே போக இவ்வளவு யோசித்தால் மற்றவர்கள் எப்படிப் போவார்கள்?’ அன்றைக்கு ஸ்குவாட்டை விட்டேன். நான்கு மாதம் படியேறினேன், கர்லாக்கட்டை சுற்றினேன், டம்பெல் பிடித்தேன். திரும்பி வந்தபோது 140 ஏறியதா என்று கேட்காதீர்கள். 120-இல் எட்டு முறை தூக்கினேன், முழங்கால் வலிக்கவில்லை, போகலாமா வேண்டாமா என்ற பேரம் நின்றது.

எட்டு வாரம் முடிந்து தோள் அமைதியாக இருந்தால் 70 கிலோவில் பெஞ்ச் பிரஸ்ஸைத் தொடங்குங்கள். அப்போது அந்த 1.25 கிலோ ஜோடியைப் பையிலிருந்து எடுங்கள். தோள் அமைதியாக இல்லையென்றால், குறிப்பாக அந்தப் பக்கம் படுத்தால் இரவில் வலி எழுப்பினாலோ, கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது பாதியில் பிடித்துக்கொண்டாலோ, சட்டை மாட்டச் சிரமப்பட்டாலோ எட்டு வாரம் காத்திருக்காமல் இப்போதே ஒரு எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். வலியோடு தூக்கிப் பழக்கப்படுத்தலாம் என்று சொல்பவரின் தோள் வேறு, உங்கள் தோள் வேறு.

இரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்வதும் நல்லது. ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, வைட்டமின் டி, சர்க்கரை, கூடவே இரத்த அழுத்தம். தைராய்டு குறைந்தாலும் பி12 குறைந்தாலும் இதே போன்ற அசதி வரும். அதை மனம் தளர்ந்ததாக நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டிருந்த பலரைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் சைவமா அசைவமா என்று எழுதவில்லை. சைவமென்றால் பி12-ஐக் கட்டாயம் பாருங்கள்.

ஒன்றை மட்டும் நேரடியாகக் கேட்கிறேன். வெறுப்பு ஜிம் மீது மட்டும்தானா? குழந்தை சிரித்தால் சிரிப்பு வருகிறதா, சாப்பாடு ருசிக்கிறதா, வேலையில் பழைய பிடிப்பு இருக்கிறதா? இவையெல்லாம் இருக்கின்றன, ஜிம் மட்டும் கசக்கிறது என்றால் மேலே சொன்னது போதும். எதிலுமே பிடிப்பில்லாமல், நாள் முழுக்க மனம் இருண்டு, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருக்கிறது என்றால் அது பயிற்சி அட்டவணையால் தீராது. குழந்தை பிறந்த வருடத்தில் மனச்சோர்வு தாய்க்கு மட்டும் வருவதில்லை, தகப்பனுக்கும் வரும். மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். உங்கள் மனைவியையும் இதே கேள்விகள் கேளுங்கள். அவர் சொல்லாமல் இருப்பதற்கு நீங்கள் நினைக்கும் காரணம் மட்டும்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வரி. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அப்பாக்கள் இரவில் ஆறிய இரண்டு தோசையோடு படுத்துவிடுகிறார்கள். எடைப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் வரை பயன்படும். 75 கிலோ என்றால் 120 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பவுடருக்குச் செலவிட்ட காசை முட்டைக்கும் தயிருக்கும் கொண்டைக்கடலைக்கும் திருப்பிவிடலாம்.

வாசலில் நின்று கைபேசியைப் பார்க்கும் அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒரு ஏற்பாடு. கைபேசி பைக் பெட்டிக்குள் போகட்டும். உள்ளே போய் முதல் பயிற்சிக்கான இரண்டு வார்ம்-அப் செட் மட்டும் செய்யுங்கள். அதன் பிறகும் கிளம்ப வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகக் கிளம்பலாம், மனசாட்சிக்குப் பதில் சொல்ல வேண்டாம். எட்டு வாரத்தில் ஓரிரு நாள் அப்படிக் கிளம்பவும் செய்வீர்கள். அன்று கொஞ்சம் சீக்கிரமாக வீட்டுக்குப் போய்க் குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன நோட்டு போடுங்கள். அதில் எடையை எழுதுங்கள், கூடவே முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், உள்ளே போகும்போது மனம் எப்படி இருந்தது, வெளியே வரும்போது எப்படி இருந்தது என்று ஒரு ஒரு வார்த்தை. எட்டு வாரம் கழித்து அந்த நோட்டைப் பார்த்து எனக்கு எழுதுங்கள். வேறு பயிற்சிக்கு மாறலாமா, மூன்றாவது நாளைச் சேர்க்கலாமா என்பதை அப்போது பேசுவோம். இப்போது இருக்கிற அசதியில் எடுக்கும் முடிவு எதுவும் உங்கள் முடிவாக இருக்காது.

அதற்கு முன்னால், ஏதாவது ஒரு சனிக்கிழமை அந்த ராடைத் தராசில் ஏற்றிவிடுங்கள். பழைய இரும்புக் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், விற்க வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.